குழந்தைக்கு அறுவை சிகிச்சை இலவசம். நாள் எப்போது கிடைக்கும்?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் படப்பையைத் தாண்டினால் சேரப்பணஞ்சேரி வரும். இன்னும் சற்றுத் தூரத்தில் ஒரகடம். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், செல்போன் என உலகச் சந்தைக்குப் போகும் எத்தனையோ பொருட்கள் இந்த ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில்தான் தயாராகின்றன. அதிகாலையிலும் நள்ளிரவிலும் ஷிப்ட் பேருந்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடம் தாமதமானால் கூட கணக்குக் கேட்கும் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி இது.

இங்கே வாடகை வீட்டில் குடியிருக்கும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு, இரண்டரை வயதுக் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, "இதயத்தில் சத்தம் ஒன்று கேட்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்" என்று சீட்டு எழுதித் தருகிறது. தாய் அந்தச் சீட்டுடன் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே எக்கோ எடுக்க வசதி இல்லை. வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். அங்கே இதய மருத்துவர் வரும் நாள் வேறு. எக்கோ எடுத்தபின் சென்னைக்கு அனுப்புகிறார்கள். காப்பீட்டு அட்டை கேட்கிறார்கள். அட்டைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். எல்லாம் கையில் வந்த நாளில் குழந்தைக்குச் சளி, காய்ச்சல். "அடுத்த மாதம் வாங்க" என்கிறார்கள். சீட்டு எழுதிக் கொடுத்து ஏழு, எட்டு மாதங்கள் ஓடிவிடுகின்றன.

இதில் யாரும் குழந்தையைத் திருப்பி அனுப்பவில்லை. யாரும் பணம் கேட்கவும் இல்லை. ஆனாலும் காலம் போய்விட்டது. தமிழகத்தில் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையில் இன்று கவனிக்க வேண்டிய பிரச்சினை இதுதான். பணத்தடையைப் பெருமளவுக்கு அரசுத் திட்டங்கள் குறைத்துவிட்டன. எஞ்சியிருப்பது காலத்தடை. அது எங்கெங்கே உருவாகிறது, அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

ஒவ்வொரு அறுவைக்கும் ஒரு வயது உண்டு

பெரியவர் ஒருவருக்கு மூட்டு மாற்று அறுவை ஆறு மாதம் தள்ளிப்போனால் அவர் ஆறு மாதம் வலியோடு இருப்பார். அது கொடுமைதான். ஆனால் ஆறு மாதம் கழித்துச் செய்தாலும் பலன் பெரும்பாலும் கிடைத்துவிடும். குழந்தைகளின் விஷயம் அப்படியல்ல. குழந்தையின் மூளை, கண், காது, இதயம், எலும்பு எல்லாம் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த வளர்ச்சியின் குறிப்பிட்ட கட்டத்துக்குள் செய்தால்தான் அறுவைக்கு முழுப் பலன் உண்டு.

பிறவிக் கண்புரையை எடுத்துக்கொள்வோம். கண்மணி வெண்மையாகத் தெரிவது இதன் அடையாளம். பிறந்த ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அறுவை செய்துவிட்டால் பார்வை நன்றாக வளர வாய்ப்புண்டு. பல மாதங்கள் கழித்துப் புரையை அகற்றினால் கண் சுத்தமாகிவிடும். ஆனால் பார்க்கப் பழகாத மூளை அந்தக் கண்ணை முழுமையாகப் பயன்படுத்தாது.

பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் மஞ்சள் நீடித்து, மலம் சுண்ணாம்பு போல வெளிறிப் போனால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவையைப் பிறந்த 60 நாட்களுக்குள் செய்தால் நல்ல பலன் கிடைக்கும். தாமதமாகத் தாமதமாகக் கல்லீரல் கெட்டுக்கொண்டே போகும்; பிறகு கல்லீரல் மாற்று அறுவை ஒன்றே வழியாகிவிடும்.

இதயத்தில் பெரிய ஓட்டை இருந்தால் நுரையீரலுக்கு அளவுக்கு மீறி இரத்தம் பாயும். சில மாதங்களில் சரிசெய்தால் குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே ஓடியாடி வளரும். ஆண்டுக்கணக்கில் விட்டால் நுரையீரல் இரத்தக் குழாய்கள் நிரந்தரமாகத் தடித்துவிடும். அந்த நிலைக்குப் பிறகு ஓட்டையை அடைப்பதே ஆபத்தாகிவிடும். இதயத்தின் இரு பெரிய இரத்தக் குழாய்களும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைக்கோ முதல் சில வாரங்களுக்குள் அறுவை செய்தாக வேண்டும்.

உதட்டுப் பிளவுக்கு மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணப் பிளவுக்குப் பேச்சு வருவதற்கு முன் ஒரு வயதை ஒட்டியும் அறுவை செய்வது வழக்கம். விரை கீழிறங்காத ஆண் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு, ஒன்றரை வயதுக்குள் செய்ய வேண்டும். காது கேளாத குழந்தைக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயது வரை காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். ஆனால் மொழி வளரும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் பொருத்தினால் கிடைக்கும் பலன் ஐந்து வயதில் கிடைப்பதில்லை.

வளைபாதத்தோடு பிறக்கும் குழந்தைகளின் நிலை இன்னும் தெளிவான உதாரணம். பிறந்த சில வாரங்களில் வாரம் ஒரு மாவுக்கட்டு என்று போட்டு வந்தால், கடைசியில் குதிகால் நரம்பில் ஒரு சிறு கீறலோடு பெரும்பாலான பாதங்கள் நேராகிவிடும். பிறகு சில ஆண்டுகள் இரவில் தனிக் காலணி அணிந்தால் போதும். இதைத் தவறவிட்டால் பின்னாளில் எலும்பில் கை வைக்கும் பெரிய அறுவை தேவைப்படலாம். ஆரம்பத்தில் காட்டாத காலம் பிற்பாடு பெரிய அறுவையாக வந்து நிற்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாக் காத்திருப்பும் தாமதம் அல்ல. இதயத்தில் உள்ள சிறிய ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். தொப்புள் புடைப்பும் பெரும்பாலும் வளர வளரச் சரியாகிவிடும். "பொறுத்துப் பார்ப்போம்" என்று மருத்துவர் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கலாம். மருத்துவர் காரணத்தோடு சொல்லும் காத்திருப்பு வேறு. இடம் இல்லை, தாள் இல்லை என்பதால் வரும் காத்திருப்பு வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, "எந்த வயதுக்குள் செய்ய வேண்டும்?" என்று மருத்துவரிடம் நேராகக் கேட்பதுதான்.

எத்தனை குழந்தைகள்?

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கும் என்பது மருத்துவ உலகம் ஏற்ற கணக்கு. தமிழகத்தில் ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அப்படியானால் இதயக் குறையோடு மட்டும் ஆண்டுக்கு 6,000 குழந்தைகளுக்கு மேல் பிறக்கிறார்கள். இவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முதல் ஆண்டிலேயே அறுவையோ, குழாய் வழிச் சிகிச்சையோ தேவைப்படும்.

தமிழகத்தில் சிசு மரண விகிதம் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2020ஆம் ஆண்டு கணக்குப்படி ஆயிரம் பிறப்புக்கு 13. இந்திய சராசரி 28. தொற்றாலும் வயிற்றுப்போக்காலும் குழந்தைகள் இறப்பது குறையக் குறைய, எஞ்சும் மரணங்களிலும் ஊனங்களிலும் பிறவிக் குறைகளின் பங்கு கூடுகிறது. தடுப்பூசி போட்டும் பிரசவத்தை மருத்துவமனைக்குக் கொண்டு வந்தும் சாதித்த மாநிலத்துக்கு அடுத்த சவால் அறுவை அரங்கில்தான் இருக்கிறது.

இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் அல்ல. உலகில் 170 கோடிக்கும் அதிகமான குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அறுவை சிகிச்சை எட்டவில்லை என்று 2019இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஏழை, நடுத்தர நாடுகளில் இருப்பவர்கள்.

முதல் வாசல்: கண்டுபிடிப்பது

ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற தேசிய சிறார் நலத் திட்டம் 2013 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. சுருக்கமாக ஆர்.பி.எஸ்.கே. என்பார்கள். பிறப்பு முதல் 18 வயது வரை 30 வகைக் குறைகளை முன்கூட்டியே கண்டறிவது இதன் நோக்கம். வளைபாதம், உதட்டுப் பிளவு, இதயக் குறை, கண்புரை, காது கேளாமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் வர வேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட அளவிலுள்ள ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும்.

நல்ல திட்டம். ஆனால் இதிலிருந்து நழுவும் குழந்தைகள் இந்தத் தொழிற்சாலைப் பகுதியில் அதிகம். வேலைக்காக ஊர் மாறி வந்த குடும்பம், பிரசவம் தாய் வீட்டில் ஒரு மாவட்டத்தில், குடியிருப்பு இன்னொரு மாவட்டத்தில் என்று இருக்கும். அங்கே பார்த்த செவிலியரிடமிருந்து இங்கே உள்ள செவிலியருக்குத் தகவல் வராமலே போகலாம். தனியார் நர்சரிக்குப் போகும் குழந்தையும், எங்கும் சேராமல் வாடகை அறையிலேயே இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளியின் குழந்தையும் இந்தக் குழுவின் கண்ணில் படுவதில்லை.

இன்னொன்று, அங்கன்வாடியில் இரண்டு வயதுக்கு மேல் கண்டுபிடிப்பது சில குறைகளுக்கு மிகத் தாமதம். கண்புரைக்கும் பித்தநாள அடைப்புக்கும் உரிய கெடு அதற்குள் முடிந்திருக்கும். ஆகவே பிரசவமான மருத்துவமனையை விட்டு வீட்டுக்குப் போகும் முன்பே கண், காது, அண்ணம், இடுப்பு, பாதம், மலத்துவாரம், இதயத் துடிப்பு, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்த்தாகிவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே முதல் பாதுகாப்பு.

இரண்டாம் வாசல்: அனுப்புகிற வழி

சேரப்பணஞ்சேரி காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. அருகில் படப்பையில் ஆரம்ப சுகாதார நிலையம். அடுத்து ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனை, காஞ்சிபுரத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. 2019 நவம்பரில் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது பழைய மருத்துவக் கல்லூரி செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போனது. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளின் பட்டியலிலும் காஞ்சிபுரம் இல்லை.

ஆகவே சிறப்பு மருத்துவம் தேவைப்படும் குழந்தை செங்கல்பட்டுக்கோ, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் எழும்பூரிலுள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ போக வேண்டும். தூரம் பெரிதல்ல. அரசு சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. காலத்தைத் தின்பது பயண முறைதான். ஒவ்வொரு மருத்துவமனையிலும் புதிதாக ஓ.பி. சீட்டு, புதிதாகப் பரிசோதனை, சிறப்பு மருத்துவர் அமரும் நாளுக்காகக் காத்திருப்பு என்று ஒவ்வொரு படியிலும் இரண்டு, மூன்று வாரம் போனால் நான்கு படிகளில் மூன்று மாதம் முடிந்துவிடும். இந்த மூன்று மாதம் எந்தக் காத்திருப்போர் பட்டியலிலும் வராது. ஏனென்றால் குழந்தை இன்னும் பட்டியலுக்கே வந்து சேரவில்லை.

மூன்றாம் வாசல்: அட்டையும் சம்பளமும்

தமிழகத்தில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனைகளிலும் இதைப் பயன்படுத்தலாம். குழந்தைகளின் இதய அறுவை, காக்ளியர் கருவி போன்ற செலவு மிகுந்த சிகிச்சைகள் ஏழைக் குடும்பங்களுக்கு எட்டியது இந்தத் திட்டங்களால்தான்.

இதற்கான ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். அதாவது மாதம் 10,000 ரூபாய். ஒரகடம் பகுதியில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவர் மாதம் 15,000 ரூபாய் வாங்கினால் ஆண்டுக்கு 1,80,000 ஆகிவிடுகிறது. வாடகை, பால், பெட்ரோல் போக மிஞ்சுவது எதுவும் இல்லை. ஆனாலும் காகிதத்தில் அவர் வரம்பைத் தாண்டியவர்.

அவருக்கு இருக்கும் வாசல் இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதமும் நிறுவனத்தின் பங்காக 3.25 சதவீதமும் கட்டப்படுகிறது. மனைவி, மக்களுக்கும் சிகிச்சை உண்டு. ஆனால் இதய அறுவை போன்ற உயர் சிறப்புச் சிகிச்சைக்குக் குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிகள் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே காப்பீட்டு எண்தான் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய எண்ணைச் சொல்லாமல் விட்டுப் புதிய எண் உருவாகிவிட்டால், பழைய சந்தாக் காலம் கணக்கில் சேராமல் போகக்கூடும். குழந்தையின் பெயரைக் குடும்பப் பதிவில் சேர்க்காமல் விட்டிருந்தாலும் கடைசி நேரத்தில் அலைச்சல்தான்.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் வழி இருக்கிறது. தங்கள் மாநிலத்தில் ஆயுஷ்மான் பாரத் அட்டை பெற்றவர்கள் அதை இங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளிலும் பயன்படுத்தலாம். தமிழகத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வசிப்பவர்களை உரிய சான்றின் பேரில் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்திலும் சேர்க்க விதி உண்டு. மொழி தெரியாத குடும்பத்துக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும்.

நான்காம் வாசல்: அறுவை அரங்கு

குழந்தைக்கு அறுவை செய்ய ஓர் அறுவை நிபுணர் மட்டும் போதாது. மூன்று கிலோ எடையுள்ள உடலுக்கு மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்த மயக்கவியல் மருத்துவர் வேண்டும். அந்த அளவுக்கேற்ற குழாய்களும் கருவிகளும் வேண்டும். அறுவைக்குப் பிறகு கவனிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கையும், வெண்டிலேட்டரும், பயிற்சி பெற்ற செவிலியரும் வேண்டும். இவற்றில் எது ஒன்று குறைந்தாலும் அன்றைய அறுவை நடக்காது.

இத்தனையும் ஒரே இடத்தில் இருப்பது பெருநகர மருத்துவமனைகளில்தான் என்பதால் பல மாவட்டங்களின் சுமை அங்கே சேர்கிறது. மலத்துவாரம் இல்லாமல் பிறந்த குழந்தை, உணவுக்குழாய் மூடிய குழந்தை, குடல் முறுக்கிக்கொண்ட குழந்தை நள்ளிரவில் வந்து சேரும். அவர்களுக்கு உடனே இடம் கொடுத்தாக வேண்டும். அப்போது மறுநாள் பட்டியலில் இருந்த குடலிறக்க அறுவையும், விரை இறக்கும் அறுவையும் தள்ளிப்போகும். மருத்துவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. ஆனால் தள்ளிப்போன குழந்தைக்கு அடுத்த நாள் எது என்று எழுத்தில் சொல்லப்பட வேண்டும்.

ஐந்தாம் வாசல்: குழந்தையின் உடலும் வீட்டின் நிலையும்

சளி, காய்ச்சல் இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் மூச்சுத் திணறல் வரலாம். அதனால் அவசரமில்லாத அறுவையைச் சில வாரங்கள் தள்ளிவைப்பார்கள். இரத்தசோகையும் எடைக் குறைவும் இன்னொரு தடை. தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதைக் காட்டியது. அறுவை நாள் குறித்தவுடனேயே இரும்புச் சத்து மருந்தையும் சத்தான உணவையும் தொடங்கிவிட்டால் இந்தத் தடை வராது.

வீட்டுச் சூழ்நிலையையும் மறக்கக் கூடாது. இ.எஸ்.ஐ. மூலம் நோய்க்கால உதவித்தொகை கிடைப்பது தொழிலாளி தானே நோயுற்றால்தான். குழந்தைக்காக மருத்துவமனையில் உட்கார்ந்தால் அது கிடைக்காது. நாள் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு ஒவ்வொரு மருத்துவமனைப் பயணமும் ஒரு நாள் கூலி இழப்பு. பத்து நாள் விடுப்பு எடுத்தால் வேலையே இருக்குமா என்ற பயம் வேறு. அறுவை இலவசம், அதற்குக் காத்திருப்பது இலவசமில்லை.

பக்கத்து மாநிலம் செய்தது

இந்த வாசல்களில் இரண்டையாவது சுருக்க முடியும் என்பதற்குக் கேரளா ஓர் உதாரணம். 2017இல் அங்கே 'ஹிருதயம்' என்ற திட்டம் தொடங்கியது. பிறவி இதயக் குறை உள்ள குழந்தையை மருத்துவரோ பெற்றோரோ இணையத்தில் பதிவு செய்யலாம். பதிவான விவரங்களைக் குழந்தைகள் இதய மருத்துவர்கள் பார்த்து, எந்தக் குழந்தைக்கு எவ்வளவு அவசரம் என்று வகைப்படுத்துகிறார்கள். அரசு மருத்துவமனையில் இடம் இல்லையென்றால் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனையில் இடம் ஒதுக்கப்படுகிறது.

2019 ஏப்ரலில் பிறந்து இரண்டு வாரமே ஆன ஒரு குழந்தையை மங்களூருவிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டிய அந்த வண்டி, மாநில சுகாதார அமைச்சர் தலையிட்டதால் வழியிலேயே கொச்சிக்குத் திருப்பப்பட்டது. சுமார் 400 கிலோமீட்டரை ஐந்தரை மணி நேரத்தில் கடந்தது. வழிநெடுக மக்கள் போக்குவரத்தைச் சீர்படுத்திக் கொடுத்தார்கள். எல்லோரும் ஆம்புலன்ஸின் வேகத்தைப் பேசினார்கள். ஆனால் எந்த மருத்துவமனையில் இடம் இருக்கிறது என்று ஒரே இடத்திலிருந்து தெரிந்துகொள்ள ஓர் ஏற்பாடு இருந்ததுதான் அந்தக் குழந்தைக்குப் பயணத்தை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குறைத்தது.

வாக்குறுதி மட்டும் போதாது என்பதற்கு அயர்லாந்து உதாரணம். முதுகெலும்பு வளைந்த குழந்தைகள் அறுவைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதைத் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று 2017இல் வெளிக்கொண்டு வந்தது. எந்தக் குழந்தையும் நான்கு மாதத்துக்கு மேல் காத்திருக்காது என்று அந்நாட்டு சுகாதார அமைச்சர் உறுதியளித்தார். பல ஆண்டுகள் கழித்தும் அது முழுமையாக நிறைவேறவில்லை. பணக்கார நாட்டிலேயே அறுவை அரங்கும் செவிலியரும் கூடாமல் வாக்குறுதி நிறைவேறவில்லை. இருந்தாலும் காத்திருப்போர் எண்ணிக்கை வெளியிடப்பட்டதால்தான் பெற்றோர்கள் அரசைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்க முடிந்தது.

நாம் கேட்க வேண்டியவை

தமிழகத்திடம் திட்டங்கள் இருக்கின்றன, திறமையான மருத்துவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டியவை சில எளிய விஷயங்கள்தான். ஒவ்வொரு குழந்தையின் பரிந்துரைச் சீட்டிலும் 'இந்தத் தேதிக்குள் அறுவை செய்ய வேண்டும்' என்று வயதுக் கெடுவை எழுத வேண்டும். எந்த நோய்க்கு எத்தனை குழந்தைகள் எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை மாவட்ட வாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். குடலிறக்கம், விரை இறங்காமை போன்ற அறுவைகளை மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே செய்ய, குழந்தைகள் அறுவை நிபுணர் குறிப்பிட்ட நாட்களில் அங்கே வர வேண்டும். தொழிற்சாலைப் பகுதிகளில் வாடகைக் குடியிருப்புகளுக்கும் தனியார் நர்சரிகளுக்கும் பரிசோதனைக் குழு போக வேண்டும்.

பெற்றோர்கள் செய்யக்கூடியவை

1. குழந்தை பிறந்தவுடன் பிறப்புச் சான்றிதழ் பெற்று, ரேஷன் கார்டிலும் இ.எஸ்.ஐ. பதிவிலும் பெயரைச் சேர்த்துவிடுங்கள். நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

2. உங்களுக்குரியது முதல்வர் காப்பீடா, இ.எஸ்.ஐ.யா என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993. மருத்துவ ஆலோசனைக்கு 104.

3. அட்டை இல்லையே என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் குழந்தையைக் காட்ட அட்டை கட்டாயமல்ல. பரிசோதனையும் அட்டை வேலையும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

4. எக்கோ, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை முடிவுகள் அனைத்தையும் ஒரே கோப்பில் தேதி வாரியாக வையுங்கள். செல்போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவமனையில் அதே பரிசோதனையை மீண்டும் எடுக்கும் நாட்கள் மிச்சமாகும்.

5. மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த வயதுக்குள் செய்ய வேண்டும்? தாமதமானால் என்ன ஆகும்? இங்கே அதற்குள் நாள் கிடைக்காவிட்டால் வேறு எங்கே அனுப்புவீர்கள்?

6. அறுவை தள்ளிப்போனால் அடுத்த தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

7. சில அறிகுறிகளுக்கு வரிசையே கிடையாது. உதடும் நாக்கும் நீலமாவது, பச்சை நிற வாந்தி, வயிறு உப்பி மலம் போகாதது, குடலிறக்கப் புடைப்பு உள்ளே போகாமல் கல் போல் இறுகி வலிப்பது, ஆண் பிள்ளைக்குத் திடீரென விரையில் கடும் வலி ஆகியவை வந்தால் உடனே 108ஐ அழையுங்கள். விரை முறுக்கிக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை அரங்கில் இருக்க வேண்டும். வெட்கப்பட்டுப் பிள்ளைகள் மறைக்காமலிருக்கப் பெற்றோர்கள் இதை முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

ஊர் செய்யக்கூடியது

குழந்தையின் அறுவைக்கு உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நாம் அடிக்கடி பார்க்கிறோம். படம், வங்கிக் கணக்கு எண், லட்சக்கணக்கில் ஒரு தொகை. மனமிரங்கிப் பணம் அனுப்புகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் சிகிச்சை அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்குமா, அந்தக் குடும்பம் அங்கே பதிவு செய்திருக்கிறதா என்று யாராவது கேட்டார்களா? பணம் திரட்டும் இரண்டு மாதத்தில் குழந்தையின் வயதுக் கெடு முடிந்துவிடக் கூடாது.

ஜமாஅத்துகளும், ஊர் நலச் சங்கங்களும், தொழிற்சங்கங்களும் இங்கே பெரிய உதவி செய்யலாம். பகுதியில் நான்கு இளைஞர்கள் காப்பீட்டு விதிகளைத் தெரிந்து வைத்துக்கொண்டு, எந்த மதத்துக் குடும்பமானாலும் கூடவே சென்று விண்ணப்பம் போட்டுக் கொடுத்தால் வாரங்கள் மிச்சமாகும். பைத்துல்மாலில் ஒரு சிறு தொகையை, அறுவைக்காக விடுப்பு எடுக்கும் தொழிலாளியின் கூலி இழப்பை ஈடுகட்ட ஒதுக்கலாம். இந்தி தெரிந்தவர்கள் வெளிமாநிலக் குடும்பங்களுக்காக மருத்துவமனையில் பேசிக் கொடுக்கலாம். லட்சங்கள் தேவையில்லாத உதவிகள் இவை.

சேரப்பணஞ்சேரியிலிருந்து எழும்பூர் போய்ச்சேரச் சில மணி நேரம் போதும். அந்தச் சில மணி நேரப் பயணம் ஒரு குழந்தைக்கு ஏழு, எட்டு மாதம் ஆகிறது என்றால், இடையில் உள்ள வாசல்கள் ஒவ்வொன்றையும் திறந்துவிடும் பொறுப்பு அரசுக்கு உண்டு. கூட நின்று தட்டும் பொறுப்பு நமக்கும் உண்டு. உங்கள் தெருவில் பரிந்துரைச் சீட்டை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் குடும்பம் இருந்தால், இன்றே போய் அந்தச் சீட்டில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள்.